மறு உத்தரவு வரும் வரை



ஸ்த்ராஸ்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அங்கத்திய மாதாகோவிலைப் பற்றியும் கால்வாய்களைப் பற்றியும் போய் வந்த எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது காட்டுக்குள் ஒரு பாறையின் அடியில் பார்த்த அறிவிப்புப் பலகையைப் பற்றி. அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன் ஊர் சுற்றினால் கண்ணில் படுவது அதுதான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

பேரனுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்து, மே மாதம் நாந்த் நகரத்தில் வேலைக்குச் சேர வேண்டியவன். நாந்த் அந்த நாட்டின் மேற்குக் கோடி, சமதளம். ஸ்த்ராஸ்பூர் கிழக்குக் கோடி. அதற்கு வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் வோஜ் மலைத்தொடரின் வடபகுதி வந்துவிடும். உயரமான மலைகள் இல்லை. பைன் மரமும் பீச் மரமும் அடர்ந்த குன்றுகள். அவற்றின் முதுகில் அங்கங்கே சிவந்த மணற்பாறைகள் கோட்டைச் சுவர்போல எழுந்து நிற்கும். ஸ்த்ராஸ்பூர் மாதாகோவில் கட்டியது இந்த வோஜ் மணற்கல்லில்தான். நம் பிள்ளைக்கு இந்தப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுவதில் பைத்தியம்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை, "தாத்தா, நீங்களும் வாங்க, கீழ உக்காந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனான். கூட அவன் சிநேகிதன் ஒருவன். வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காட்டுப் பாதையில் நடந்தோம். எனக்காக நாலு இடத்தில் நின்றார்கள். அந்தப் பாறைக்குப் பெயர் உண்டு, ஆனால் இங்கே எழுதவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் ஏறும் பிள்ளைகள் கொஞ்சப் பேரும் மட்டும் அறிந்த இடம், அப்படியே இருக்கட்டும். முப்பது மீட்டர் உயரம் இருக்கும். கிழக்கு முகத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடுகிறது. அந்த விரிசல் வழியாக ஏற வேண்டும் என்பது அவன் ஆசை. போன வருஷம் இரண்டு தடவை முயன்று பாதியில் விழுந்திருக்கிறான். கயிறு பிடித்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க வீட்டுக் கதவு நிலையில் விரலால் தொங்கிப் பழகினான் என்று மகள் சொன்னாள். நாந்துக்குப் போவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்றுதான் வந்தான்.

பாறையின் அடியில் ஒரு மரக்கம்பத்தில் பலகை. மேலே ஒரு பறவையின் படம். பிள்ளைகள் இருவரும் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். படிக்க எனக்கு உதவி தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழி இன்றைக்கு எனக்குப் பயன்படுவது மகள் வீட்டு மருந்துச் சீட்டுக்கும் இப்படிப்பட்ட பலகைக்கும்தான்.

பலகையில் இருந்தது இவ்வளவுதான். இந்தப் பாறையில் வல்லூறு கூடு வைத்திருக்கிறது. பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை ஏற வேண்டாம். ஆள் அருகில் வந்தால் தாய் எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும். இந்த நாட்களில் ஏறக்கூடிய பக்கத்துப் பாறைகள் இவை, என்று ஒரு சிறு வரைபடம். அடியில் இரண்டு பேர் பொறுப்பு: ஒன்று பறவைக் காவலர் சங்கம், மற்றொன்று பாறை ஏறுபவர்களின் சங்கமே.

போன வருஷம் பறவை வேறு பாறையில் இருந்ததாம். இந்த வருஷம் இங்கே வந்துவிட்டது. சங்கத்தின் பட்டியலைப் பார்க்காமல் கிளம்பியது தன் தவறுதான் என்றான் பேரன். முகம் சுண்டிப்போயிற்று. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "இந்தக் காட்டுல யாருடா பாக்கப் போறா? சத்தம் போடாம ஒரு தடவை ஏறிட்டு இறங்கிடு" என்றேன். அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் சம்பளம் வாங்கியவன் சொன்ன வார்த்தை.

அவன் கோபப்படவில்லை. "ஜூன் பதினஞ்சுதான தாத்தா. அப்புறம் ஃப்ரான்சுவா வந்து ஏறுவான். பாறை எங்கயும் போயிடாது" என்று சிநேகிதனைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். தான் ஏற முடியாது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

திரும்பும்போது பாதையின் வளைவில் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்காலியில் தொலைநோக்கி. என் வயதுதான் இருக்கும். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, பறவை எப்போது வந்தது, எப்போது போனது, எதைக் கொண்டுவந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். கட்டம் போட்ட நோட்டு, சிவப்பு மையில் கோடு. பார்த்ததும் எனக்கு ஆபீஸ் ஞாபகம். என் பிரெஞ்சைக் கேட்டு, தம் பாட்டனார் பேசுவதுபோல இருக்கிறது என்று சிரித்தார். பிறகு தொலைநோக்கியைக் கொடுத்தார்.

சிவப்புப் பாறையில் ஒரு குழிந்த திட்டு. அதன் கீழே சுண்ணாம்பு வழிந்ததுபோல எச்சம். திட்டில் கரும்பலகை நிற முதுகோடு ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் மீசைபோல ஒரு கறுப்புப் பட்டை. நம்ம ஊர்ப் பறவை நூல்களில் பொரி வல்லூறு என்று போட்டிருப்பார்கள். இரையின் மேல் பாயும்போது மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலே வேகம் எடுக்கும். உலகத்தில் அதைவிட வேகமான உயிர் இல்லை. அப்படிப்பட்டது ஒரு சுள்ளிகூட எடுத்து வந்து கூடு கட்டுவதில்லை. வெறும் பாறைத் திட்டில் காலால் மண்ணைப் பறித்துக் குழி செய்து மூன்று நான்கு முட்டை இடும். ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் பறக்க ஆறு வாரம். வெறுந்திட்டு ஆனதால் தாய் எழுந்து போனால் முட்டைக்கு மறைப்பு ஒன்றும் இல்லை.

பலகையில் இருந்த தேதி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிப்ரவரியில் ஜோடி சேர்ந்து திட்டைத் தேர்ந்தெடுக்கும். மார்ச்சில் முட்டை. ஏப்ரலில் குஞ்சு. மே கடைசியில் பறக்கும். இன்னும் இரண்டு வாரம் அங்கேயே சுற்றி வேட்டை பழகும். கூட்டிப் பார்த்தால் ஜூன் 15. அதிகாரி ஒருவர் வசதிக்காக எழுதிய தேதி இல்லை. பறவை போட்ட தேதி.

இந்தப் பறவை ஐரோப்பாவில் ஒரு சமயம் அழியப் பார்த்தது. நம் வயதுக்காரர்களுக்கு டிடிடி நன்றாகத் தெரியும். மலேரியா இலாகாக்காரர்கள் வந்து வீட்டுச் சுவரெல்லாம் அடித்துவிட்டு, கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அதே மருந்தை வயலிலும் தெளித்தார்கள். பூச்சியைத் தின்ற குருவி, குருவியைத் தின்ற வல்லூறு என்று விஷம் ஏறிக்கொண்டே போனது. டெரிக் ராட்க்ளிஃப் என்ற ஆங்கிலேயர் பழைய முட்டை ஓடுகளையும் புதிய ஓடுகளையும் ஒப்பிட்டு, 1940களின் கடைசியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று 1967ல் காட்டினார். தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. அந்த மருந்தை நிறுத்திய பிறகுதான் பறவை மெல்லத் திரும்பி வந்தது. பிரான்சில் 1976ல் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977ல் வந்த ஓர் ஆணையின்படி, ஓர் உயிரினம் வாழும் குறிப்பிட்ட இடத்தைக் காக்க அந்த மாவட்டத்தின் ப்ரெஃபே, அதாவது நம் கலெக்டர் போன்றவர், அர்ரெத்தே பிறப்பிக்கலாம். ஆனால் எல்லாப் பாறைக்கும் அர்ரெத்தே கிடையாது. பல இடங்களில் ஏறுபவர்களும் பறவைக்காரர்களும் உட்கார்ந்து பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தம்தான். எல்லை தாண்டினால் அதே மணற்பாறை ஜெர்மனிக்குள் ஓடுகிறது. அங்கேயும் இதே ஏற்பாடு. ஒரு பாறைக்கு அந்த வருஷம் பறவை வரவில்லை என்று தெரிந்தால், பருவத்தின் நடுவிலேயே தடையை எடுத்துவிடுகிறார்களாம்.

தடையை எடுத்துவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு என் பழைய கோப்பு ஒன்று ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் இலாகாவின் பொறுப்பில் ஒரு கொம்யூனில் ஒரு குளம் இருந்தது. படித்துறையில் பழுது பார்க்கும் வேலை, ஒரு மாதம் பொதுமக்கள் இறங்கக் கூடாது என்று அறிவிப்பு எழுத வேண்டும். வரைவு போட்டவன் நான். "எந்தத் தேதி வரை என்று போடட்டும் சார்?" என்று கேட்டேன். "தேதி போட்டு மாட்டிக்காதீங்க, மறு உத்தரவு வரும் வரைன்னு போடுங்க" என்றார் மேலதிகாரி. போட்டேன். வேலை ஒரு மாதத்தில் முடிந்தது. மறு உத்தரவு வரவில்லை. வர வேண்டுமென்றால் ஒருவர் கோப்பைத் திறந்து குறிப்பு எழுத வேண்டும். யார் எழுதுவது? பலகை நின்றது. ஜனங்கள் பத்து நாள் பார்த்தார்கள், பிறகு இறங்கிக் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், பலகையிலேயே துணி உலர்த்தினார்கள்.

நாலு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அந்தப் படித்துறையின் ஒரு பக்கம் நிஜமாகவே சரிந்தது. அவசரமாக இரண்டாவது பலகை வைத்தோம், முதல் பலகைக்குப் பக்கத்தில். யாரும் படிக்கவில்லை. ஏன் படிக்கப் போகிறார்கள்? அந்த இடத்துப் பலகை பொய் சொல்லும் என்று நாலு வருஷமாக நாங்களே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் சரிந்த கல்லில் கால் வைத்து விழுந்தான். கால் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்தக் கால் கடைசிவரை கொஞ்சம் குட்டைதான். பின்னாளில் கடைத்தெருவில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். விசாரணையில் இலாகாவின் மேல் குற்றம் இல்லை என்றாயிற்று, இரண்டு பலகை இருந்ததே!

வோஜ் காட்டில் "யாருடா பாக்கப் போறா" என்று நான் சொன்னது இந்தப் பழக்கத்தில்தான். பலகை என்றால் அர்த்தமில்லாதது என்று என் மனதிலும் பதிந்திருக்கிறது. அதை எழுதிப் பிழைத்தவனே நம்பவில்லை. அந்தப் பிள்ளை நம்பினான், ஏனென்றால் அவனிடம் பலகை இதுவரை பொய் சொன்னதில்லை.

என் கருத்து இதுதான். ஒரு தடை செல்லுபடியாக வேண்டுமானால் அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ஏன், எதுவரை, அதுவரை நான் எங்கே போவது. மூன்றாவதை நாம் நினைப்பதே இல்லை. அன்றைக்கு அந்தப் பலகையின் வரைபடத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கால் மணி தூரத்தில் வேறொரு பாறைக்குப் போய் மாலைவரை ஏறினார்கள். பசித்தவனிடம் இந்தக் கடை மூடியிருக்கிறது என்று மட்டும் சொல்வதற்கும், அடுத்த தெருவில் கடை திறந்திருக்கிறது என்று சேர்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

இது வெள்ளைக்காரன் ஊரில்தான் நடக்கும், நம் ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் கடற்கரையைப் பாருங்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாளாக இருந்தது, பிறகு 61 நாள் ஆயிற்று. விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். நிவாரணத் தொகை பற்றாது என்று சண்டை போடுவார்கள், அது நியாயமான சண்டை. ஆனால் மீன் சினைப்பிடிக்கும் காலம் என்ற காரணம் வைத்திக்குப்பத்துச் சிறுவனுக்கும் தெரியும், ஜூன் 15 விடியற்காலை கடலுக்குப் போகலாம் என்பதும் தெரியும். அதே நம் புதுவை அரசுதான் மாஹேக்கு வேறு தேதி போடுகிறது, ஜூனும் ஜூலையும், மேற்குக் கடலின் பருவம் வேறு என்பதால். தேதியை மீனிடம் கேட்டுப் போட்டால் ஜனங்கள் மதிக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னும் பழைய கதை வேண்டுமானால் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய், 1798ல் எழுத்து மூலமாகக் கௌல் வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். தடையை ஜனங்களே கேட்டு வாங்கிய இடத்தில் காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏறுபவர்களில் சிலருக்கு இந்தத் தடை மேல் வருத்தம் உண்டு. மணற்பாறை ஈரமாக இருந்தால் வலுவிழந்துவிடும், பிடி உடையும், அப்போது ஏறக்கூடாது. குளிர்காலம் போய்ப் பாறை காய்ந்து வரும் வசந்தம்தான் ஏற நல்ல பருவம். அதைத்தான் பறவை எடுத்துக்கொள்கிறது. வல்லூறு இப்போது நகரத்துக் கோபுரங்களில்கூடக் குஞ்சு பொரிக்கிறதே, இன்னும் எதற்குத் தடை என்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்பது நல்லது. அதனால்தான் வருஷா வருஷம் உட்கார்ந்து பேசுகிறார்கள், பறவை இல்லாத பாறையைத் திறக்கிறார்கள். முழுப் பாறையையும் மூடாமல் கூடு இருக்கும் பக்கத்தை மட்டும் மூடும் இடங்களும் உண்டு. கேள்வியே கேட்க முடியாத தடையைத்தான் ஜனங்கள் இருட்டில் தாண்டுகிறார்கள்.

எல்லாத் தடைக்கும் கடைசித் தேதி போட முடியாது என்பதும் உண்மை. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரம் இருக்கிறது, ஷோலே படம் எடுத்த பாறைகள். பாறை ஏறுபவர்களுக்கும் பேர்போன ஊர். அங்கே ராமதேவர பெட்டாவில் நீண்ட அலகுக் கழுகுகளுக்காக 2012ல் சரணாலயம் அறிவித்தார்கள். அந்தக் கழுகு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்தால் நாடு முழுக்கக் கழுகுகள் மடிந்து, 2006ல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். விரல் விட்டு எண்ணுமளவு மிஞ்சிய பறவை இருக்கும் பாறையை வருஷம் முழுக்க விட்டுவைக்கத்தான் வேண்டும். அங்கேயும் "ஏன்" என்ற முதல் வரியை எழுதலாம், "எங்கே போகலாம்" என்ற கடைசி வரியையும் எழுதலாம். நம் தென்னிந்திய மலைகளிலும் வல்லூறின் உள்ளூர் இனமான ஷாஹீன் பாறைத் திட்டுகளில் முட்டையிடுகிறது, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நம் பிள்ளைகளும் இப்போது கயிறும் கொக்கியுமாகப் பாறை தேடிப் புறப்பட்டுவிட்டார்கள். மலையையே மொத்தமாக மூடிவிட்டு ஒரு துருப்பிடித்த பலகையை நட்டுவைப்பதா, நாலு மாதம் மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டுக் கேட்பதா என்பதை வனத்துறையில் இருப்பவர்கள் இப்போதே யோசிக்கலாம்.

பேரன் மே மாதம் நாந்துக்குப் போய்விட்டான். அந்த விரிசல் இன்னும் அவனுக்குப் பாக்கி. நான் ஊர் திரும்பியபின் ஒருநாள் ஃப்ரான்சுவா அவனுக்கு அனுப்பிய படத்தை அவன் எனக்கு அனுப்பினான். பாறையின் அடியில் அதே மரக்கம்பம், பலகை இல்லை. நாலு ஆணித் துளை மட்டும். கீழே ஒரு வரி: மூன்று குஞ்சும் பறந்துவிட்டன.

தேதியைப் பார்த்தேன். ஜூன் 16. என் முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் சொன்ன தேதியில் கழற்றிய பலகை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.